காண்டலும் அறிதலும்

தண்ணீரூற்று என்னும் பெயரே அவ்வூரின் இயல்பை உரைக்கும். முள்ளியவளையை அடுத்த அவ்வூரில், நீர்க்கரை மருதமொன்றை முதன்முறையாக வரையப் புகும் மாணவன் ஒருவனை எண்ணுவோம். அவன் கண் மரத்தை நோக்குகிறது. கையோ நெஞ்சில் முன்பே படிந்த மரத்தை வரைகிறது. விளிம்பு காட்டித் திரும்பிய இலை கோடாகவே தோன்றும். அதனை அகன்ற இலையாக வரைபவன் அறிந்ததை வரைகிறான், கண்டதை அன்று.

காண்டலும் பயில வேண்டியதொன்றே. 1938இல் யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை வின்சர் ஓவியக் கழகத்தை நிறுவி ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தமை இதனை உணர்த்தும்.

அறிவின்றிக் காண்டல் இயலுமோ எனச் சிலர் வினவலாம். இயலாது. ஆயின், எதிர்நிற்கும் பொருள் மறுக்குமிடத்து அறிவு தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். மரத்தைத் தவறாக வரைந்தால் மரத்துக்கு இழப்பில்லை. மனிதரை அவ்வாறு கண்டால் இழப்புண்டு. 2009ஆம் ஆண்டின் போரழிவுக்குப் பின் வன்னி மாந்தரை ‘அகதி’ என்னும் ஒரு சொல்லுள் அடக்கியோர், ஆசிரியரையும் உழவரையும் தாயரையும் தனித்தனியே கண்டாரல்லர். இரக்கமும் பாராமலே வரைந்த படமாதல் கூடும்.

ஆதலின், தான் இட்ட கோட்டை அழித்து மீண்டும் நிமிர்ந்து நோக்கும் அம்மாணவன் பயில்வது சித்திரம் மட்டுமன்று, நீதியுமாம்.