பிரிந்திருப்பது மட்டும் போதாது

"பத்து வருஷமா பேச்சே இல்லைங்க, இன்னும் என்ன வேணும் கோர்ட்டுக்கு?" குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் இப்படிக் கேட்பவருக்கு நியாயம் உண்டு. சட்டத்தின் பதில்தான் வேறு. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு கொடுமை, பிறர் உறவு, கைவிடுதல், மதமாற்றம் என்று காரணங்களை எண்ணிச் சொல்கிறது. 'இந்தத் திருமணம் இனி ஒட்டாது' என்பது அவற்றில் இல்லை.

ஆகவே, முறிவைச் சொல்ல வருபவர் எதிர்த்தரப்பின் தவற்றை நிரூபித்தாக வேண்டும். கைவிடுதலையே பாருங்கள். மனுவுக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டு பிரிந்திருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். அதோடு, தகுந்த காரணமின்றி, திரும்பிவரும் எண்ணமே இல்லாமல் போயிருக்கவும் வேண்டும். அடி தாங்காமல் தாய்வீடு போனவள் கணவனைக் கைவிட்டவள் ஆகமாட்டாள்; அவளைத் துரத்தியவன்தான் கைவிட்டவன். யார் படி இறங்கினார் என்பதைவிட, யாரால் இறங்க நேர்ந்தது என்பதே முக்கியம். எண்ணம் கண்ணுக்குத் தெரியாததால், கடிதம், வாட்ஸ்அப் செய்தி, வக்கீல் நோட்டீசுக்கு வந்த பதில், சமரசம் பேசப்போன பெரியவரின் சாட்சியம் ஆகியவற்றிலிருந்துதான் நீதிபதி அதை அறிகிறார். தேதிகளைக் குறித்துவைத்தவரின் வழக்கு நிற்கும்.

கொடுமைக்குக் காயத்தழும்பு வேண்டியதில்லை, மனக்கொடுமையும் கொடுமைதான். கொலை வழக்கைப்போல் சந்தேகமற நிரூபிக்கவும் வேண்டாம். நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1975-லேயே தெளிவாக்கியது. ஆனால், மன்னித்து மறுபடி சேர்ந்து வாழ்ந்திருந்தால் பழைய கொடுமையை மட்டும் சொல்லி விவாகரத்து கேட்க முடியாது.

இருவரும் சம்மதித்தால், ஓராண்டு பிரிந்திருந்த பின் சேர்ந்தே மனுச் செய்யலாம். ஒருவர் மறுத்தால்தான் சிக்கல். மீட்க முடியாதபடி முறிந்த திருமணத்தை அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவின்கீழ் தான் கலைக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 மே 1-இல் தீர்ப்பளித்தது. அந்த அதிகாரம் குடும்ப நல நீதிமன்றத்துக்கு இல்லை. டெல்லிவரை வழக்கு நடத்த வசதியுள்ளவருக்கு ஒரு வழி, இல்லாதவருக்கு இன்னொரு வழி என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

முறிவையே ஒரு காரணமாகச் சேர்க்கச் சட்ட ஆணையம் 1978-இல் பரிந்துரைத்தது. 2013-இல் மாநிலங்களவை ஏற்ற மசோதாவும் சட்டமாகாமல் காலாவதியானது. மனைவியின் வாழ்வாதாரத்துக்கு உறுதியான ஏற்பாட்டோடு நாடாளுமன்றம் அதை மீண்டும் கொண்டுவர வேண்டும்.