யாரைக் கூப்பிடுகிறோம்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமியில் கல்பாக்கத்துக் கடல் ஏறி வந்தபோது அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகு ஓடிக்கொண்டிருந்தது. பம்ப் ஹவுஸில் தண்ணீர் புகுந்ததும் அது பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது; சில நாட்களில் மறுபடி ஓடியது. இயந்திரத்துக்கு நேர்ந்ததை 'ட்ரிப்', 'ஷட்டவுன்' என்ற சொற்கள் மிச்சமில்லாமல் சொல்லிவிடும். ஊழியர்களின் டவுன்ஷிப்பில் பிள்ளையையோ புருஷனையோ பறிகொடுத்தவர்களுக்கு? அவர்களுக்கென்று வந்தவை 'ஷாக்', 'ட்ராமா', 'கவுன்சிலிங்'. இவற்றை அந்நியச் சரக்கு என்று தள்ளுவது எளிது, நியாயமல்ல. 'தலைவிதி', 'போன ஜென்மத்துப் பாவம்' என்பவையும் தயார்நிலைச் சொற்கள்தாம். நம்முடையவை என்பதாலேயே அவற்றில் கருணை ஊறிவிடாது. கர்மக் கணக்கு, அடிபட்டவரையே கூண்டில் ஏற்றுகிறது; 'ட்ராமா' யாரையும் ஏற்றுவதில்லை. அந்த அளவில் அது பெரிய உபகாரம்.

ஆனால் அந்தச் சொல் யாரிடம் பேசுகிறது? ஒப்பாரி வைப்பவள் 'என் ராசா' என்று செத்தவனையே கூப்பிடுகிறாள், சாமியை வைகிறாள், கடலிடம் நியாயம் கேட்கிறாள். முன்னிலை இல்லாமல் ஒப்பாரி இல்லை. 'எனக்கு டிப்ரஷன்' என்பதோ தன்னைத் தள்ளி நின்று பார்த்து மருத்துவருக்குத் தரும் தகவல். மருந்துச் சீட்டுக்கு அது வேண்டியதுதான். ஒப்பாரி பெண்களுக்குத்தானே வாய்த்தது, வாய்விட்டு அழக் கூசும் ஆணுக்கு 'மைண்ட் சரியில்ல' என்பதை விட்டால் வேறு வாசல் ஏது என்று கேட்கலாம். சரியான கேள்வி. வாசலைத் தாண்டியவனும் பிறகு யாரையாவது 'நீ' என்று கூப்பிட்டாக வேண்டும். எதிரே இருப்பவர் படிவத்தை மூடிவிட்டு, 'பையன் பேர் என்ன, எந்த கிளாஸ் படிச்சான்?' என்று கேட்டால் அதற்கு இடம் உண்டு.