கண் முன் வந்த மீன்

திருமறையின் ஏழாம் அத்தியாயமாகிய அல்அஃராபில் கடற்கரை ஊர் ஒன்றின் வரலாறு கூறப்படுகிறது. சனிக்கிழமை அவ்வூராருக்கு வழிபாட்டு நாள். அன்று மீன் பிடித்தல் அவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தது. விலக்கப்பட்ட அந்த நாளில்தான் மீன்கள் நீரின் மேல்மட்டத்தில் தலை காட்டிக் கூட்டம் கூட்டமாய் வந்தன. ஏனைய நாட்களில் வரவில்லை. விரிவுரையாளர் பலர் இவ்வூரைச் செங்கடலின் வடகோடியிலிருந்த அய்லா என்பர். ஊராரில் ஒரு சாரார் விலக்கை நேரடியாக மீறவில்லை. வெள்ளிக்கிழமையே குழி தோண்டியும் வலை கட்டியும் வைத்தனர்; சனியன்று மீன் தானே வந்து சிக்கியது; ஞாயிறன்று அள்ளிக்கொண்டனர். சனிக்கிழமை நாங்கள் மீன் பிடிக்கவே இல்லையே என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு இடமிருந்தது. இத்தகைய தந்திர வழிக்கு மார்க்கச் சட்ட நூல்களில் 'ஹீலா' என்று பெயர்.

மதரஸாவில் இவ்வசனத்தைப் பாடம் சொல்லும்போது மாணவர் மனம் அந்தக் குழியிலும் வலையிலுமே நிற்கும். அது இயல்பே. எனினும், வசனத்திலுள்ள ஒரு சொல் எம்மை நெடுநாளாக ஈர்த்து வந்திருக்கிறது. மீன்கள் 'ஷுர்ரஅன்' வந்தன என்கிறது அருள்மறை. நீர்மட்டத்தில் வெளிப்பட்டு, கண்ணுக்குத் தெரியுமாறு என்பது அதன் பொருள். சோதனையின் முதற்படி அந்தத் தெரிதலே அன்றோ? ஆழத்தில் மறைந்து கிடக்கும் மீனை விட்டுவிடுவதில் யாருக்கும் சிறப்பில்லை. ஐந்தாம் அத்தியாயமாகிய அல்மாயிதாவின் 94ஆம் வசனத்திலும் இக்கருத்து வருகிறது. இஹ்ராம் நிலையிலிருந்த நம்பிக்கையாளர்களை அல்லாஹுத் தஆலா வேட்டைப் பிராணிகளைக் கொண்டு சோதிப்பான் என்றும், அவை அவர்களுடைய கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தொலைவிலேயே இருக்கும் என்றும் அவ்வசனம் அறிவிக்கிறது. ஹுதைபியா ஆண்டில் காட்டு விலங்குகளும் பறவைகளும் ஸஹாபாக்களின் கூடாரங்களைச் சூழ்ந்து திரிந்தன என்று விரிவுரை நூல்களில் காண்கிறோம். அவர்கள் கை நீட்டவில்லை; அய்லாவார் நீட்டினர்.

பழைய வரலாற்றை இன்று எடுத்துப் பேசக் காரணம் உண்டு. எம்மிடம் ஓதிய இளைஞர் ஒருவர் ஓமன் நாட்டில் மஸ்கத் கரையோரம் தூண்டில் படகொன்றில் பணிபுரிகிறார். நாம் வஞ்சிரம் என்னும் மீனை அரபுக்கடலோரத்தார் 'கன்அத்' என்பர். அதைப் பிடிக்கப் படகை மெல்ல ஓட்டி, மீனைப் போலவே செய்யப்பட்ட பொய்யிரையைப் பின்னால் இழுத்துச் செல்வார்கள். விடுப்பில் வந்தவர் தம் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். இருண்ட திரையில் சிறு ஒளிப்புள்ளி ஒன்று ஆடி ஆடி ஊர்கிறது, அதுதான் பொய்யிரை. கீழிருந்து நீண்ட ஒளிக்கீற்று ஒன்று எழுகிறது; அது மீன். மீன் நெருங்குகிறது, சிறிது தூரம் உடன் வருகிறது, பிறகு திரும்பிப் போய்விடுகிறது. "ஹஜ்ரத், முன்பெல்லாம் கடி விழாவிட்டால் அங்கே மீன் இல்லை என்று இருந்துவிடுவோம். இப்போது அது வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்புவதையும் பார்க்கிறோம். இப்படிப் பார்த்துக்கொண்டே பிடிப்பது கூடுமா?" என்று கேட்டார்.

கேள்வி எளிதாகத் தோன்றும். பதில் அவ்வளவு எளிதன்று. முதலில் கருவியை அறிந்துகொள்வோம். ஒலி கடல்நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். படகிலிருந்து ஓர் ஒலித் துடிப்பை விடுத்தால், அது எதிரிலுள்ள பொருளில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடலாம். 30 மீட்டர் பின்னால் வரும் இரையின் எதிரொலி திரும்பி வர ஒரு நொடியின் 25இல் ஒரு பங்குதான் ஆகும். மீன்கள் பலவற்றின் உடலில் மிதப்புக்காக வைக்கப்பட்டுள்ள காற்றுப்பை ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்புகிறது. மீனை உயர்த்தித் தாங்கும் உறுப்பே அதைக் காட்டியும் கொடுக்கிறது. முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டறிஞர் பால் லாஞ்செவன் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய இம்முறையை வளர்த்தார். ஜப்பானின் நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள் 1948இல் இதை மீன் காட்டும் கருவியாக்கி விற்றனர். எக்கோ சவுண்டர் என்று நம் விசைப்படகுக்காரர்கள் சொல்வது அதன் வழிவந்ததே. அது படகுக்கு நேர் கீழே உள்ளதை, கடந்த பின்னர், கோடுகளாகக் காட்டும். கார்மின் நிறுவனம் 2018இல் வெளியிட்ட லைவ்ஸ்கோப் போன்றவையோ பல கற்றைகளைப் பல திசைகளில் விடுத்து, நீருக்குள் நிகழ்வதை நிகழும்போதே காட்டுகின்றன. படகு விரைந்தால் விசிறி கிளப்பும் குமிழிகள் படத்தைக் கெடுக்கும். மெல்லச் சென்றால் பின்னால் வரும் தூண்டிலும் தெரியும், அதைத் தொடரும் மீனும் தெரியும்.

மறைவான ஞானம் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. கடலின் ஆழத்தை எட்டிப் பார்ப்பது அதில் கை வைப்பதாகாதா என்று பேணுதலுள்ள ஒருவர் ஐயுறலாம். ஆகாது என்க. கருவியின் துணையால் புலனுக்கு எட்டுவது அந்தப் பொருளில் 'ஙைபு' அன்று. தாயின் கருவறையைக் காட்டும் ஸ்கேன் கருவியும் இதே எதிரொலியால்தான் இயங்குகிறது. அதைக் கொண்டு எத்தனையோ தாய்மார்களின் உயிர் காக்கப்படுகிறது. அதே கருவி பெண் சிசுவை அறிந்து அழிக்கவும் பயன்பட்டமையால், பிறக்குமுன் பாலினம் கண்டறிந்து கூறுவதைத் தடுத்து 1994இல் நம் நாட்டில் சட்டம் வந்தது. காண்பது குற்றமாகவில்லை. கண்டபின் கை என்ன செய்கிறது என்பதற்கு எல்லை வகுக்க வேண்டியதாயிற்று.

இனி ஃபிக்ஹு. கடல் வேட்டை ஆகுமாக்கப்பட்டது. மீனுக்கு அறுப்பும் இல்லை. வலையா, தூண்டிலா, கூடா என்று மார்க்கம் கருவியைப் பிரித்துப் பேசவில்லை. பொருள்களின் அடிப்படை ஆகுமானது என்னும் விதி சோனாருக்கும் பொருந்தும். ஆனால், திரையில் தெரிந்த மீன் யாருடையது? யாருடையதும் அன்று. நீரிலுள்ள மீனைப் பிடிக்குமுன் விற்பது செல்லாது என்று ஹனஃபி மத்ஹபின் நூல்கள் ஐயத்துக்கிடமின்றி உரைக்கின்றன. தன் கைவசம் இல்லாததை ஒருவன் எப்படிக் கொடுப்பான்? திரையில் பத்து மீனைக் காட்டி இவை உமக்கு என்று முன்பணம் வாங்கும் படகுக்காரர் உண்டானால், அவர் வாங்குவது மீனுக்கான விலை ஆகாது. படகின் வாடகையாக, தம் உழைப்பின் கூலியாக வாங்கிக்கொள்ளட்டும். முதலில் கண்டவர், பிடித்தவரிடம் பங்கு கேட்கவும் வழியில்லை. வேட்டையில் பார்வை உரிமையாகாது.

மீனைப் பொய்யிரை காட்டி ஏமாற்றலாமா என்பது இளைஞரின் கேள்விக்குள் ஒளிந்திருந்த மற்றொரு கேள்வி. உண்பதற்கும் விற்றுப் பிழைப்பதற்கும் பிடிப்பவனை இதற்காகக் குறை கூற இயலாது. கொக்கியில் கோத்த புழுவும் மீனிடம் உண்மை பேசவில்லை. வேடிக்கைக்காகவே பிடிப்பவர் செய்தி வேறு. வீணுக்குக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமை நாளில் இறைவனிடம் முறையிடும் என்ற கருத்துடைய நபிமொழி நஸாயீயில் உள்ளது. திரும்பிப் போகும் மீனைத் திரையில் பார்த்து, இரையை மாற்றி, வேகத்தை மாற்றி, ஆழத்தை மாற்றி, அது ஏமாறும்வரை பின்தொடர்ந்து, பிடித்துப் படமெடுத்து, வாய் கிழிந்த மீனை நீரில் எறிவதை விளையாட்டென்று சொல்பவர்கள் அந்நபிமொழியை ஒருமுறை ஓதிப் பார்க்கலாம். அமெரிக்காவின் தூண்டில் போட்டிகள் சிலவற்றிலேயே இக்கருவிக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறார்கள். அவர்களுடைய கவலை போட்டியின் நேர்மை பற்றியது. நமது கவலை அதைவிடச் சற்று ஆழமானது.

உண்மையான இடர்ப்பாடு இனிமேல்தான் வருகிறது. எங்கள் உத்திரமேரூர் ஏரியைக் கொண்டு விளக்கலாம். கல்வெட்டுகளில் வைரமேக தடாகம் என்று பெயர் பெற்ற ஏரி அது. அதை மேற்பார்க்க ஏரி வாரியம் என்றொரு குழுவைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததை முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் கூறுகின்றன. கடற்கரையை அறியாத எம் ஊராரும் கோடையில் ஏரி வற்றுவதை அறிவர். நீர் பரந்து கிடக்கும்போது மீன் கண்ணில் படாது. வெயில் ஏற ஏற நீர் சுருங்கி, மடையருகே குட்டையாகத் தேங்கும். அப்போது பார்த்தால் மீன் கொதிப்பது போலத் துள்ளும். சிறுவர்கள் கையாலேயே அள்ளுவார்கள். எவ்வளவு மீன் என்று வியக்கும் நாள்தான் ஏரியில் மீன் முடியும் நாள். வற்றும் நீர் நம் கண்ணுக்குத் தெரிவதால் நாம் ஏமாறுவதில்லை. கடல் வற்றுவது யார் கண்ணுக்குத் தெரியும்?

கனடா நாட்டின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் நிகழ்ந்தது இதுவே. ஐந்து நூற்றாண்டுகளாக உலகுக்கு 'காட்' மீனை வழங்கிய கடல் அது. எதிரொலிக் கருவிகள் பொருத்திய பெருங்கப்பல்கள், எஞ்சிய மீன் எங்கே திரள்கிறதோ அங்கே தவறாமல் சென்று சேர்ந்தன. மீன் இனம் குறைந்துகொண்டே வந்தபோதும் வலை நிறைந்தே வந்தது; வலை நிறைவதைக் கண்டு கடலும் நிறைந்திருப்பதாக எண்ணினர். கருவி இல்லாத காலத்தில் வெறும் வலை எச்சரித்திருக்கும். 1992 ஜூலையில் அந்நாட்டரசு காட் மீன்பிடிப்பை நிறுத்தியது. 30,000 பேருக்கு மேல் ஒரே நாளில் பிழைப்பை இழந்தனர். 32 ஆண்டுகள் கழித்து, 2024இல்தான் அந்தத் தடை நீங்கிச் சிறு அளவில் வணிகப் பிடிப்புத் தொடங்கிற்று. அருகிலுள்ள மீனைத் தெளிவாகக் காட்டிய திரை, பரந்த கடலில் மீன் குறைந்ததை மறைத்துவிட்டது.

ஆகவே கண்ணைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று நாம் கூறவில்லை. பார்ப்பதே கைக்கு அணையாக இருந்த வழக்கமும் நம் கடலில் உண்டு. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் எந்த ஆண்டும் எண்ணியபடி குளித்துவிட முடியாது. முதலில் சோதனைக்காகச் சிலர் மூழ்கிச் சிப்பிகளை எடுத்து வருவர். எண்ணிக்கையும் முதிர்ச்சியும் பார்த்து, முற்றியிருந்தால்தான் அரசு குளிப்பை அறிவிக்கும். முற்றவில்லையெனில் ஆண்டுக் கணக்கில் காத்திருப்பார்கள். கீழக்கரையிலிருந்து மூச்சடக்கி மூழ்கச் சென்ற நம் முன்னோருக்கு இந்தக் காத்திருப்பு பழக்கமானது. நம் பக்கத்தில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஐதராபாத்திலுள்ள இன்கோயிஸ் நிறுவனமும் செயற்கைக்கோள் கொண்டு கடலின் வெப்பத்தையும் பசுமையையும் அளந்து, மீன் திரளும் இடங்களை மீனவருக்கு நாள்தோறும் அறிவிக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் அவ்வறிவிப்பை நிறுத்திவிடுகிறது. அறிந்திருந்தும் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு பருவம் வைத்திருக்கிறார்கள். ஓமனிலும் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை கன்அத் பிடிக்கத் தடை உண்டு. மீன்களுக்கும் ஒரு சனிக்கிழமை வேண்டியிருக்கிறது.

நம் கிழக்குக் கரையில் அந்தச் சனிக்கிழமை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 2001 முதல் 45 நாட்களாக இருந்த தடை பின்னர் 61 நாட்களாக உயர்த்தப்பட்டது. அது விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும் உரியது. கரையோரம் செல்லும் நாட்டுப்படகுகளுக்கும் சிறு ஃபைபர் படகுகளுக்கும் விலக்கு உண்டு. ஏழை மீனவர் அடுப்பு எரிய வேண்டும். அவருடைய கையும் கண்ணும் எட்டுவது சிறிதே என்பது அந்த விலக்கின் நியாயம். அச்சிறு படகில் ஒரு சோனாரைப் பொருத்திக்கொண்டால் சட்டம் ஒன்றும் மீறப்படவில்லை. சனிக்கிழமை நாங்கள் வலை வீசவில்லை என்று அய்லாவாரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

இளைஞருக்கு நாம் கூறிய பதிலும் இதுதான்: ஏனைய நாட்களில் கூடும், பிடித்தது உணவாகட்டும், சிறியதை விட்டுவிடட்டும். தடைக்காலத்தில் விலக்குப் பெற்ற படகுக்குக்கூட இக்கருவியை ஹராம் என்று எம்மால் சொல்ல இயலாது. ஆனால், நம் வீடுகளில் பெரியவர்கள் வழங்கும் 'பேணுதல்' என்ற சொல்லுக்கு அங்கேதான் வேலை. அந்த 61 நாளும் திரையை அணைத்துவிட்டு, பழையபடி தூண்டிலைக் கடலில் விட்டுக் காத்திருக்க வேண்டும். வஞ்சிரம் விலை ஏறி நிற்கும் நாட்களும் அவையே.