ஷின் கார்டைக் கழற்றாதே

கோச் முழு ஆட்டமும் பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டார் என்று காரில் ஏறியதிலிருந்து வாய் திறக்கவில்லை நீ. சரி, திறக்க வேண்டாம். ரூட் 18-இல் இன்றைக்கு நெரிசல். வீடு போய்ச் சேர்வதற்குள் இந்த மாமா ஒரு கதையைச் சொல்லி முடித்துவிடுவேன்.

நீ படிக்கும் அதே ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஹைஸ்கூலில்தான் ஹெதர் ஓரெய்லி படித்தார். பள்ளிப் பையைத் தோளில் போட்டிருந்த காலத்திலேயே, 2002-இல், 17 வயதில் அமெரிக்கப் பெண்கள் கால்பந்து அணியின் சட்டையும் அந்தத் தோளில் ஏறிவிட்டது. ஆடிய இடம் நடுக்களம், பெரும்பாலும் வலது ஓரம். அந்த இடத்துக்காரர்களின் பிழைப்பு எப்படித் தெரியுமா? பந்து பறிபோனால் பின்னால் ஓடு, கிடைத்தால் முன்னால் ஓடு. நம் ஊர்த் தேரில் வடம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறாயா? கும்பிடு எல்லாம் மேலே இருக்கும் சாமிக்கு. கை காய்த்துப் போவது கீழே இழுப்பவனுக்கு.

2003-இல் ஓரெய்லிக்குக் கால் எலும்பு முறிந்தது. அந்த ஆண்டு உலகக் கோப்பை நடந்ததோ அவர் சொந்த நாட்டில். வாசலில் கல்யாணம், கட்டிலில் மாப்பிள்ளை! போட்டி கைவிட்டுப் போயிற்று. கால் கூடியதும் வட கரோலினா பல்கலைக்கழக அணியில் இறங்கினார். அதே ஆண்டு அந்த அணிக்குத் தேசியப் பட்டம்.

அடுத்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக். அணியிலேயே இளையவர், 19 வயது. அரையிறுதியில் எதிரே நிற்பது உலகச் சாம்பியன் ஜெர்மனி. வென்றாயிற்று என்று நினைத்த கடைசி நொடிகளில் ஜெர்மனி கோல் போட்டு 1-1 ஆக்கியது. கூடுதல் நேரம். ஓரெய்லி கோல்கீப்பரையும் தாண்டிவிட்டார். முன்னே ஆளில்லாத கோல். உதைத்தார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு யோசி. நாடே பார்க்கிறது. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? தலையில் கை வைத்துக்கொண்டு புல்லைப் பார்த்திருப்பாய். பந்து இனி என் பக்கம் வரவே கூடாது என்று வேண்டியிருப்பாய். நானும் அதைத்தான் செய்திருப்பேன், பொய் சொல்லமாட்டேன். அவர் மறுபடி ஓடினார். 99-ஆவது நிமிடத்தில் மியா ஹாம் பந்தைக் கோல் முகத்துக்குத் தள்ளியபோது, அங்கே வந்து நின்றிருந்தது சற்றுமுன் கம்பத்தில் அடித்த அதே பெண். கோல்! 2-1. அந்த அணி தங்கத்தோடுதான் ஊர் திரும்பியது. தன்னம்பிக்கை எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், முழங்காலுக்குக் கீழே என்பேன்.

இனி உன் பெஞ்சுக்கு வருகிறேன். 2012, மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு மைதானம். மறுபடி ஒலிம்பிக் அரையிறுதி, எதிரே கனடா. கிறிஸ்டின் சின்க்ளேர் ஒருத்தியே மூன்று கோல் போட்டாள். அமெரிக்கா மூன்று முறை பின்தங்கி, மூன்று முறை எட்டிப் பிடித்தது. இத்தனை கூத்தும் நடக்கும்போது ஓரெய்லி எங்கே? பெஞ்சில்! ஏற்கெனவே இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள அவருக்கு உன்னைவிட நியாயம் இருந்தது. கூடுதல் நேரத்தில்தான் உள்ளே விட்டார்கள். 120 நிமிடம் முடிந்து, பெனால்டிதான் என்று எல்லோரும் மனதைத் தயார் செய்துகொண்ட 123-ஆவது நிமிடத்தில், வலது ஓரத்திலிருந்து ஓரெய்லியின் கிராஸ். அலெக்ஸ் மார்கனின் தலை. 4-3.

ஸ்கோர் பலகையில் மார்கன் பெயர்தான் ஏறியது. ஏறட்டுமே! பிறந்தநாள் பார்ட்டிகளில் ‘எத்தனை கோல் போட்டே?’ என்று கேட்கும் நம் அங்கிள்களுக்கு இது விளங்காது. நீ விளங்கிக்கொள்.

வெள்ளைக்காரப் பெண்ணின் கதை நமக்கெதற்கு என்கிறாயா? கடலூருக்கு வா. இந்துமதி கதிரேசன், இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை. தேசியக் கோப்பையைச் சொந்த வீட்டுப் பாத்திரம்போல வைத்திருந்த மணிப்பூரை 2018-இல் கட்டாக்கில் வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முறையாக வென்றதே, அந்த அணியில் ஆடியவர். வேலை, தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது சென்னைத் தெருவில் காக்கிச் சட்டையோடு நின்றவர். பிறகு மறுபடி பூட்ஸ், மறுபடி இந்தியச் சட்டை.

ஓரெய்லி நாட்டுக்காக ஆடியது 231 ஆட்டங்கள். போட்ட கோல் 47. மீதி ஆட்டங்களில் என்ன செய்தார் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். 2016-இல் தேசிய அணியிலிருந்தும், 2019-இல் கிளப் ஆட்டத்திலிருந்தும் விடைபெற்றார். பிள்ளைகள், குடும்பம். ஆனால் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீகில் ஆடியதில்லையே என்ற குறை உள்ளே கிடந்தது. 2022-இல், 37 வயதில், டப்ளினின் ஷெல்போர்ன் அணியில் சேர்ந்து அதையும் ஆடிவிட்டார்.

வீடு வந்துவிட்டது. சனிக்கிழமை ஹெவன்லி ஃபார்ம்ஸ் பார்க்கில் ஆட்டம், நான்தான் கூட்டிப் போகிறேன். கோச் மறுபடி பெஞ்சில் உட்கார வைத்தால் உட்கார். ஷின் கார்டை மட்டும் கழற்றாதே.