மன்னிக்கச் சொல்பவர் யார்?

கணவனிடம் அடிவாங்கிய பெண்ணுக்கு எங்கள் சபைகளில் முதலில் கிடைப்பது ஜெபம். அடுத்துக் கிடைப்பது, 'மன்னித்துவிடும்மா' என்ற ஆலோசனை. கை ஓங்கியவனைக் கூப்பிட்டு யாரும் விசாரிப்பதில்லை. அவன் வழக்கம்போலத் திருவிருந்தில் பங்கெடுக்கிறான். மன்னிக்கத் தயங்குகிற அவள்தான் விசுவாசத்தில் குறைந்தவளாகிறாள்.

இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது மத்தேயு 18ஆம் அதிகாரம். எத்தனை தடவை மன்னிப்பது என்று பேதுரு கேட்க, எழுபதை ஏழால் பெருக்கச் சொல்கிறார் இயேசு. அதே அதிகாரத்தில் சில வசனங்களுக்கு முன்னால் இருப்பதைப் பிரசங்கங்களில் நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன். தவறு செய்தவனிடம் தனியாகச் சொல்ல வேண்டும். கேளாவிட்டால் ஓரிருவரைச் சாட்சியாகக் கூட்டிப்போக வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் சபையிலேயே சொல்லிவிட வேண்டும். சபைக்கும் செவிகொடாதவனை வெளியாளாக வைக்க வேண்டும். லூக்கா 17இலும் கண்டிப்பதும் மனந்திரும்புவதும் மன்னிப்புக்கு முன்னால் நிற்கின்றன. சகேயுவோ அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வருகிறான்.

அப்படியானால் கசப்பைச் சுமந்துகொண்டே இருக்கவேண்டுமா? வேண்டாம். கசப்பு தூக்கத்தைத் தின்னும். தீங்கு செய்தவன் எதிரில் இல்லாதபோதும் அவனையே நினைக்கவைக்கும். அதை இறக்கிவைப்பது நமக்கு விடுதலைதான். ஆனால் இறக்கிவைப்பது வேறு, அவனோடு திரும்பவும் குடித்தனம் நடத்துவது வேறு. முன்னது அவளுக்கும் கடவுளுக்கும் இடையிலானது. பின்னதற்கு அவன் மாறியிருக்க வேண்டும்.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு சிறு மகன்களும் வண்டிக்குள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். கொலையாளிகளைக் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்தார். பெண்களுக்கு முன்மாதிரியாக அவரைச் சொல்கிறவர்கள் மீதியையும் சொல்ல வேண்டும். அந்த மன்னிப்பால் வழக்கு நின்றுவிடவில்லை. தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கொலையாளிகளோடு ஒரே கூரையின் கீழ் வாழும்படி கிளாடிஸிடம் யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குள் அடிபடுகிறவளிடம் மட்டும் அதையும் சேர்த்தே கேட்கிறோம்.

குடும்ப வன்முறைக்கு எதிரான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கிற பெண், மன்னிக்க மறுத்தவள் அல்ல. சபைக்குச் சொல்லியும் நடக்காததை அரசிடம் கேட்கிறாள். மன்னிப்பும் அவள் மனதில் ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம். பரமண்டல ஜெபத்தில் கடனை மன்னிப்பதாகச் சொல்கிறவர் கடன் கொடுத்தவர்தான். கடன்காரனோ, நடுவில் நிற்கிற பெரியவர்களோ அவர் சார்பில் அதைச் சொல்லிவிட முடியாது.