வாசலில் நின்ற குரல்



திருவிழாக் காலத்தில் விடியற்புறம் கோயில் ஒலிபெருக்கியிலே நந்தனார் கீர்த்தனைகள் ஒலிக்கும்போது, பூப்பறிப்பவர் பூப்பறித்துக்கொண்டும் மாலை கட்டுபவர் மாலை கட்டிக்கொண்டும் இருப்பர். செவி கேட்கும், சிந்தை வேறெங்கோ நிற்கும். அக்குரல் எதைக் கேட்கின்றது என்று சற்றே நினைந்து பார்த்தல் வேண்டும்.

சேக்கிழார் பெருமான் திருநாளைப்போவார் புராணத்திலே ஒரு செய்தி கூறுகின்றார். ஆதனூரிலே தீண்டத்தகாதது எனப்பட்ட குலத்தில் பிறந்த அத்தொண்டர், சிவாலயங்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்து வந்தவர். உள்ளே முழங்கும் வாத்தியத்தின் தோல் அவர் கொடுத்தது. அதைக் கேட்க அவர் நின்ற இடமோ வாசலுக்குப் புறம்பே.

இச்சரிதத்தைக் கீர்த்தனைகளாகப் பாடியவர் கோபாலகிருஷ்ண பாரதியார் (1811 - 1896). அடியவர் தில்லை செல்ல விடை கேட்கவும், அதட்டி மறுக்கும் வேதியர் என்னும் பண்ணையார் பெரியபுராணத்தில் இல்லை. அவரைப் படைத்துச் சேர்த்தவர் பாரதியாரே. பாரதியாரும் அந்தண குலத்தவர் என்பது கவனிக்கத்தக்கது. நூலில் இலக்கணப் பிழை உண்டென்று சிறப்புப்பாயிரம் கொடுக்கத் தயங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளை, பாரதியார் தாமே பாடக் கேட்டு உருகிக் கொடுத்தார் என்று உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார்.

இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கியது 1902 இல். பாரதியார் அதனைக் காணவில்லை. பழைய தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடந்தான். இரவிரவாகக் கதாகாலட்சேபம் செய்யப்பட்ட சரிதம் அதற்குள் அடங்குமா? பாட்டுத் தனியே தட்டில் ஏறியது. கதை கழன்று நின்றது.

கணவர் கிட்டப்பா 1933 இல் மறைந்தபின் மேடையை விட்டு ஒதுங்கியிருந்த கே. பி. சுந்தராம்பாள், 1935 இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் நந்தனாராகவே நடித்துப் பாடினார். 1942 இல் ஜெமினியின் நந்தனாரில் அவ்வேடத்தை ஏற்றவர் எம். எம். தண்டபாணி தேசிகர். தேவாரம் ஓதும் மரபிலே வந்தவராதலால், அவர் குரலில் சொல் சிதையாது.

மாஞ்சி இராகத்தில் அமைந்த ‘வருகலாமோ’ என்னும் கீர்த்தனையைக் கேளுங்கள். அதில் கோபம் இல்லை. கெஞ்சும் வினா ஒன்றே உண்டு. பல்லவி திரும்பத் திரும்ப வரும். விடை சொல்ல வேண்டியவர் பாட்டுக்குள் இல்லை.

இலங்கையில் 1957 ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னரும் 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தம்மை உள்ளே விடுமாறு கேட்டு அடியார்கள் நிற்க நேர்ந்தது. நந்தனார் பாட்டை உருகிக் கேட்ட மண்ணிலேதான் அதுவும் நடந்தது.

தேசிகரின் பழைய பாடல்கள் பிற்காலத்தில் இறுவட்டிலும் வந்தன. இம்முறை திருவிழாவில் அவற்றைப் போடும் பிள்ளைகள் ஒலியைச் சற்றுக் குறைத்து வைத்தால் நல்லது. சொல் தெளிவாகக் கேட்கும்.