வருகைப் பதிவேடு

ஆரோவில் சாசனத்தில் நான்கே கூறுகள். அவற்றுள் ஒன்று, இந்த ஊர் முடிவில்லாத கல்விக்கான இடம் என்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று, செம்மண் மேட்டில் அந்தச் சாசனம் ஒலித்தது. ஊரை நிறுவிய ஸ்ரீ அன்னைக்குப் பட்டங்களில் நம்பிக்கை கிடையாது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கல்வி மையம் இன்றும் யாருக்கும் பட்டம் கொடுப்பதில்லை.

பட்டத்தை விலக்கிய ஊரால் சட்டத்தை விலக்க முடியவில்லை. 1980-இல் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொள்ள ஒரு சட்டம். 1982-இல் ஆரோவில் ஒரு மதப்பிரிவு அல்ல என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 1988-இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம். சாலைக்காக மரம் வெட்டிய வழக்கு 2022-இல் பசுமைத் தீர்ப்பாயத்தில் ஒரு விதமாகவும் 2025-இல் உச்ச நீதிமன்றத்தில் வேறு விதமாகவும் முடிந்தது. யாருக்கும் சொந்தமில்லாத ஊரில் வக்கீல்களுக்கு வேலை ஓயவில்லை.

அந்த வேலைக்கு ஆரோவிலை ஒட்டிய இந்தக் கடற்கரையிலிருந்தே ஒருவர், பிழைப்பை விடாமல் வீட்டிலிருந்து படித்து வர முடியுமா? முன்பு படிக்கவாவது முடிந்தது, அவ்வளவுதான். பி.ஜி.எல். என்னும் பொதுச் சட்டப் பட்டம் என்றால் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் தெரியாதவர் குறைவு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியாக அதை முடித்துப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். சட்டம் தெரியும், நீதிமன்றத்தில் வாய் திறக்கத்தான் உரிமையில்லை. பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகள் வகுப்பில் 70 விழுக்காடு வருகை கேட்கின்றன.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருவரின் நிலமோ விடுதலையோ வக்கீலின் கையில் இருக்கிறது; வாதத்தை எதிரே நின்று கேட்டவரும் பாடநூலில் படித்தவரும் ஒன்றல்ல. ஆனால் ‘லெட்டர்பேட் கல்லூரி’ என்ற சொல்லும் நம் நீதிமன்ற வளாகங்களில்தான் புழங்குகிறது. வகுப்புக்கே போகாதவருக்கு வருகைப் பதிவேட்டில் முழு வருகை. அவர் அங்கி போடுகிறார். வீட்டில் விளக்கெரித்து நேர்மையாகப் படித்தவர் போட முடியாது. பதிவேடு ஒன்றைத்தான் விதி பார்க்கிறது. படிப்பைப் பார்க்க அதற்குக் கண்ணில்லை.

2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் காணொலி விசாரணைக்கு வழிவகுத்தது. நீதிபதி ஓரிடம், வக்கீல் ஓரிடம், கட்சிக்காரர் வேறெங்கோ, தீர்ப்புகள் செல்லுபடியாயின. அதே 2020-இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழு விதிகள், தொலைதூர, இணையவழிக் கல்வியில் நடத்தக் கூடாத படிப்புகளின் பட்டியலில் சட்டத்தை வைத்தன. திரை வழியே நீதி வழங்கலாம், கற்கக் கூடாது. நெல்சன் மண்டேலா சிறையிலிருந்தபடி தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் வழியில் படித்து 1989-இல் பெற்றது சட்டப் பட்டம்தான். இங்கே அவர் படித்திருந்தால் வருகைக் குறைவுக்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

வகுப்புக்கே போகலாம் என்றால், இதே கடற்கரையின் மரக்காணம் உப்பளத்தில் பாத்தி யாருக்காகவும் காத்திருக்காது. வெயில் அடிக்கும் மாதங்களில்தான் கூலி. விழுப்புரத்தில் 2017-இல் அரசு சட்டக் கல்லூரி வந்தது. திண்டிவனத்தில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். போக மட்டும் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அதைவிடப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே, காலாப்பட்டில் இன்னொரு அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. ஆனால் அது எல்லைக்கு அந்தப் பக்கம். இடங்களில் பெரும்பகுதி புதுச்சேரிக்காரர்களுக்கு. உப்பளத்துப் பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்தால் பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டு போகலாம்.